குதிரை ஏறுமுன் ஹெல்மெட்

"சும்மா ஒரு ரவுண்டு நடைதானே, ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நிதானமாகப் போகிற குதிரையும் கால் இடறும், சட்டென்று மிரளும். ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2010இல் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து, தலையில் அடிபட்டு கோமாவுக்கே போய்விட்டார். அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதனால் அனுபவம் இருக்கிறதே என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. ஏறினால் போட வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. ஏஎஸ்டிஎம் எஃப்1163 போன்ற குதிரையேற்றத் தரக்குறியீடு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டு, நேராக உட்கார வேண்டும். பட்டையை மாட்டுவதற்கு முன் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் மட்டும் தனியாக நகர்ந்தால் அளவு பெரிது. நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் சரி.

அப்புறம், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். வெளியே கீறல்கூடத் தெரியாது, ஆனால் உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும். அது பழையபடி உப்பாது. இரவல் ஹெல்மெட் வாங்குவதிலும் இதே சிக்கல்தான்.