மலையகக் குளிரில் நீள்தூர ட்ரையத்லன் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் 21 கிலோமீற்றரை மூச்சு முட்டாமல் ஓடி முடிப்பவர், கொழும்பு வெயிலில் ஆறாவது கிலோமீற்றரிலேயே நடக்கத் தொடங்கிவிடுவதுண்டு. உழைப்பில் குறை இல்லை. குளிர் அவருடைய வியர்வையை மறைத்தது, மலை அவருக்குச் சமதரையை மறைத்தது. மார்கழி, தை மாதங்களில் இங்கே பயிற்சி எடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

ட்ரையத்லன் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி. அதில் நீள்தூர வகையான அரை அயன்மேன் என்றால் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். முழுத்தூரம் அப்படியே இரு மடங்கு. கொழும்பில் முதல் அயன்மேன் 70.3 (அரை அயன்மேனின் இன்னொரு பெயர்) நடந்தது 2018 பெப்ரவரியில்: கடல் நீச்சல், மட்டமான வீதி, கடற்கரை வெயில். பெப்ரவரிப் போட்டிக்குத் தயாராகும் மலையகத்தவருக்கு மிகக் கனமான பயிற்சி வாரங்கள் வருடத்திலேயே குளிர்ந்த வாரங்களில்தான் விழுகின்றன.

முதல் தவறு, சைக்கிள் பயிற்சியைக் கிலோமீற்றரால் அளப்பது. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறினால் சுமார் 55 கிலோமீற்றர். உயர்வு 1,400 மீற்றருக்கு மேல். ஏறி இறங்கினால் 110. 'போட்டித் தூரத்தையே தாண்டிவிட்டேன்' என்று மனம் நிறையும். ஆனால் இறக்கத்தில் கால் மிதிக்கவே இல்லை. சமதரையில் 90 கிலோமீற்றர் என்பது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வே இல்லாத மிதி. கழுத்தும் இடுப்பும் ஏரோ பாரில் (காற்றைக் கிழிக்க முழங்கையை ஊன்றிக் குனியும் கைப்பிடி) குனிந்தபடியே இருக்க வேண்டும். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 55, 60 சுற்றுக்குப் பழகிய கால், அங்கே 85, 90 சுற்றுக்கு ஈடுகொடுக்காமல் இரண்டாவது மணியில் இறுகிவிடும். ஏறும் பலம் வீண்போகாது, உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது.

ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, கால் உண்மையில் மிதித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குள் ட்ரெயினரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க வைக்கும் தாங்கி) சைக்கிளைப் பூட்டி, குனிந்த நிலையிலேயே 20 நிமிடம் வீதம் மூன்று முறை மிதியுங்கள், இடையில் 5 நிமிட ஓய்வு. தைப்பொங்கலுக்குள் அதை 45 நிமிடம் வீதம் இரண்டாக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறையாவது எல்ல வழியாக வெல்லவாயவுக்கு வாகனத்தில் சைக்கிளோடு இறங்கி, தணமல்வில பக்கமாகப் போய்த் திரும்புவது இன்னும் நல்லது. அங்கே வெயிலும் கிடைக்கும், சமதரையும் கிடைக்கும். அது யானை நடமாடும் பகுதி. நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய முன் திரும்பிவிட வேண்டும்.

இறக்கத்தில் நடக்கும் தவறுகளுக்கு விலை அதிகம். ஏறும்போது வியர்த்த பனியனோடு அப்படியே கீழே இறங்கினால், மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றில் பத்து நிமிடத்தில் விரல்கள் விறைத்துவிடும். பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. உச்சியில் நின்று, காய்ந்த உள்ளாடை மாற்றி, முழுவிரல் கையுறையும் காற்றுத் தடுப்புச் சட்டையும் போட்ட பிறகே இறங்குங்கள். சட்டை இல்லாவிட்டால் நெஞ்சுப் பக்கம் மடித்துச் செருகிய பத்திரிகைத் தாளும் உதவும். பிரேக்கை இறக்கம் முழுக்கப் பிடித்தபடியே வரக் கூடாது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்த விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகம் குறைத்து, விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்குள் பிரேக் இல்லாமல் திரும்புங்கள். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்களின் நிழலில் தார் காலை ஒன்பது மணி வரை காயாது. உதிர்ந்த இலையும் பாசியும் சவர்க்காரம் போல வழுக்கும். மூடுபனியில் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். முன்னால் 50 மீற்றர்கூடத் தெரியாவிட்டால் அன்று வீதிப் பயிற்சியே வேண்டாம்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை தை வரை நீளும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் அந்த வீதிகளில் ஏறாதீர்கள். ஒரு நாள் பயிற்சி தவறியதால் எவரும் போட்டியில் தோற்றதில்லை.

அடுத்தது தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது, சிறுநீர் அதிகம் போகும், வியர்வை காற்றிலேயே உலர்ந்துவிடும். முடிந்ததும் சுடச்சுட ஒரு பிளேன்டி குடித்தால் எல்லாம் சரியானது போலத் தோன்றும். அந்தக் கோப்பையில் இருப்பது 150 மில்லிலீற்றர்தான். தராசுதான் சரியான விடை சொல்லும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்ட வேண்டும். இதை நுவரெலியாவில் ஒரு முறை, வெல்லவாய போன்ற சூடான இடத்தில் ஒரு முறை செய்யுங்கள். மேலே மணிக்கு அரை லீற்றர் இழக்கும் உடம்பு கீழே ஒரு லீற்றரைத் தாண்டலாம். மலையில் கணக்கிட்ட அளவை வைத்துக்கொண்டு கொழும்பில் குடிப்பதே பலரை வீழ்த்துகிறது. மறுபுறம், பயந்துபோய் வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். அது நீரிழப்பைவிட ஆபத்தானது.

குளிரில் குறைவாகக் குடிப்பதால் பானத்தில் கரைத்த மாச்சத்தும் குறைவாகவே உள்ளே போகிறது. இதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலர். மணிக்கு 30 கிராமுக்கு மட்டும் பழகிய வயிறு, போட்டியன்று 60 கிராமைத் திடீரெனக் கொடுத்தால் குமட்டும். நீண்ட பயிற்சிகளில் இப்போதிருந்தே மணிக்கு 60 கிராமை எட்டப் பாருங்கள். வீட்டிலேயே செய்யலாம்: 750 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய்ச் சாறு. போத்தலைக் குடித்து முடிக்க முடியாத குளிர் நாளில், குடிக்காமல் விட்டதற்கு ஈடாக வாழைப்பழம் சாப்பிடுங்கள்; நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சக்தி பானமாக நினைப்பதும் தவறு. உலக சுகாதார நிறுவன அளவுப்படி அதில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு.

வெயிலுக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். போட்டிக்கு முதல் நாள் பஸ் ஏறினால் அது கிடைக்காது. இரண்டு வாரம் முன்பே கீழே போய்த் தங்க முடிந்தால் நல்லது. லீவு கிடைக்காதவர்கள் கடைசி இரண்டு வாரமும் ஜன்னல் மூடிய சிறிய அறையில், மின்விசிறி இல்லாமல், ஸ்வெட்டரோடு ட்ரெயினரில் தினமும் 45 முதல் 60 நிமிடம் மெதுவாக மிதிக்கலாம். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். தலைசுற்றினாலோ மயிர்க்கூச்செறிந்தாலோ உடனே நிறுத்தி உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

'உயரத்தில் வாழ்கிறோம், கீழே பறப்போம்' என்ற நம்பிக்கையையும் அளந்தே வையுங்கள். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் வேகப் பயிற்சியை முழு வேகத்தில் செய்ய முடிவதில்லை. ஹட்டனோ பண்டாரவளையோ இன்னும் 600 மீற்றர் தாழ்வு. வேகமான ஓட்டங்களை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நீச்சலில் பெரிய ஆபத்து காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் தனியாக இறங்குவது. குளிர்நீர் பட்டதும் மூச்சு தானாக உள்ளிழுபடும், அடியில் சேறு, மதகு, சுரங்க வாய்ப் பக்கம் இழுவை. அது பயிற்சிக்கான இடமே அல்ல. கண்டியிலோ கொழும்பிலோ 25 மீற்றர் தடாகத்தில் 76 நீளம் போட்டால் 1.9 கிலோமீற்றர். ஆனால் ஒவ்வொரு முறையும் சுவரை உதைப்பதில் சில மீற்றர் இனாமாகக் கிடைக்கிறது. கடைசி 20 நீளத்தைச் சுவரைத் தொடாமல் திரும்பி நீந்துங்கள். ஆறு கை வீச்சுக்கு ஒரு முறை தலை தூக்கி முன்னால் பாருங்கள். மார்கழி முதல் பங்குனி வரை மேற்கு, தெற்குக் கரைக் கடல் அமைதியாக இருக்கும். போட்டிக்கு முன் துணையோடு இரண்டு தடவையாவது அங்கே நீந்த வேண்டும்.

ஓட்டத்தில் ஒன்றே ஒன்று: இறக்கத்தில் தினமும் ஓடாதீர்கள். தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்குவதால் நுண்கிழிசல் ஏற்படும், வலி இரண்டாம் நாள்தான் உச்சமாகும். வாரத்தில் ஒரு நாள் போதும். நீண்ட ஓட்டத்தைக் கிரகரி வாவியைச் சுற்றி மட்டமான பாதையில் வையுங்கள்.

சளி மூக்கோடு நின்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். நெஞ்சுக்கு இறங்கினாலோ காய்ச்சல் இருந்தாலோ முழு ஓய்வு. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் பொறுத்து, பாதி நேரத்தோடு மீண்டும் தொடங்குங்கள்.