சென்னையில் ஏறியவர் வாகைக்குளத்தில் எப்போது இறங்குவார்?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு வாரம் நாலைந்து சவாரி வரும். "அண்ணாச்சி, ஏறிட்டேன்" என்று சென்னையிலிருந்து போன் வந்ததும் கணக்குப் போட்டுவிடுவேன்.

முதலில் தூரம். சாலை தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது 600 கிலோமீட்டர் பக்கம் வரும். விமானம் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று சுற்றி வராது. கைபேசி வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களையும் விரலால் அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். சென்னை 12.99, 80.17. வாகைக்குளம் 8.72, 78.03. முதல் எண்களின் வித்தியாசம் 4.27. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதால் அதை 111 ஆல் பெருக்கினால் தெற்கே 474 கிலோமீட்டர். அடுத்த எண்களின் வித்தியாசம் 2.14. நம் பக்கத்தில் அதை 109 ஆல் பெருக்க வேண்டும், மேற்கே 233. அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 528. பெங்களூருக்கு இவ்வளவு பாடு இல்லை. அது நமக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கு, தெற்கு வடக்கை மட்டும் கணக்கிட்டாலே 500 என்று வந்துவிடும்.

இனி நேரம். இந்தத் தடத்தில் பெரும்பாலும் பார்ப்பது இறக்கையில் விசிறி வைத்த ஏடிஆர். மேலே போய்விட்டால் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். 528 கிலோமீட்டருக்கு 63 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவதால் ஒரு 12 நிமிடம் சேர்த்துக்கொள்வேன். ஆக, தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஜெட் என்றால் மணிக்கு 800, பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். இப்போது 3,115 மீட்டர் ஆகிவிட்டதால் பெரிய விமானமும் இறங்கலாம். அதனால் எந்த விமானம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இன்னும் அதிகமாகப் போட்டிருப்பார்கள். நின்ற இடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். இது தெரியாமல் ஒருமுறை டிக்கெட் நேரத்துக்குப் போய் நின்றேன். விமானம் கால் மணி முன்னாலேயே இறங்கிவிட்டது. ஒரு ஆச்சி இரண்டு பெட்டியோடு வெளியே நின்று, "எங்கய்யா போன?" என்று கேட்டார்கள். அதனால் புறப்படும் நேரத்தை டிக்கெட்டில் பார்க்காமல், விமானம் உண்மையில் எப்போது எழும்பியது என்று கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று வீசும். விமானம் தென்மேற்காக வருவதால் அது கொஞ்சம் எதிர்க்காற்று, இரண்டு மூன்று நிமிடம் கூடலாம். திரும்பிப் போகும்போது அதே காற்று தள்ளிவிடும்.

10.20க்கு எழும்பியது என்றால் 11.35க்கு இறங்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்வேன். வல்லநாடு ஆற்றுப் பாலத்தில் வேலை நடந்தால் இன்னும் பத்து நிமிடம். கைப்பை மட்டும் என்றால் ஆள் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார், 10.50க்கே வண்டியை எடுக்க வேண்டும். பெட்டி போட்டிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.