கரை கடக்கும் ஹரிகேனின் காற்றை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பருவத்தில், மெக்சிகோ வளைகுடாக் கரையில் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் காற்றை அளக்கும் நடமாடும் கோபுரத்தை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹரிகேன், அதாவது அட்லாண்டிக் பக்கத்துக் கடும் புயல், வர இன்னும் ஒரு நாள் இருந்தது. இழுகம்பிகளை முறுக்கினார்கள், மட்டம் பார்த்தார்கள், பேட்டரியைச் சோதித்தார்கள். நிமிர்ந்து சுற்றிலும் ஒருமுறை பார்க்க மட்டும் மறந்துவிட்டார்கள். தெற்கே, கூப்பிடு தூரத்தில் பைன் மரங்கள் நின்றன. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விட்டேன். மட்டம், பேட்டரி எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

கோபுரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

என் முதல் ஹரிகேனில் கிழக்கே பரந்த புல்வெளி. தெற்கே 60 மீட்டர் தள்ளி, 15 மீட்டர் உயரப் பைன் மரங்கள். கோபுரத்தை நிறுத்தியபோது கிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். புயல் வடக்கு நோக்கி வந்து எங்களுக்கு மேற்கே கரையைக் கடந்தது. அப்படிக் கடக்கும்போது அதன் வலப்பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு என்று திரும்பும். கண் சுவர், அதாவது புயலின் கண்ணைச் சுற்றிக் காற்று மிக வேகமாக வீசும் வளையம், நெருங்கிய நேரத்தில் காற்று அந்த மரங்களைத் தாண்டித்தான் எங்களிடம் வந்தது. உச்சத்தை எட்ட வேண்டிய நேரத்தில் சராசரி வேகம் இறங்கியது. ‘கரையைத் தொட்டதும் புயல் வலுவிழந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கோபுரத்திலிருந்து எட்டுத் திசையிலும் எடுத்த படங்கள் எங்கே?” என்னிடம் இருந்தவை இரண்டு. இரண்டிலும் கோபுரம்தான் தெரிந்தது.

தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் அளவு சொரசொரப்பு நீளம். புல்வெளிக்கு அதைச் சுமார் 0.03 மீட்டர் என்று வைப்போம். மரங்களும் வீடுகளும் நெருங்கிய இடத்தில் அது சுமார் 0.3 மீட்டர். மேலே வீசும் காற்று ஒன்றாகவே இருந்தாலும், 10 மீட்டர் உயரத்தில் இரண்டாவது இடத்தின் வேகம் முதல் இடத்தினுடையதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. ஆகவே 70 சதவீத வேகம் என்றால் பாதி விசை. அருகே திறந்த வெளியில் ஒரு வீட்டின் கூரை பறந்திருந்தால், என் பதிவை நம்புகிறவர் அந்தக் கூரை உண்மையில் தாங்கிய சுமையில் பாதியிலேயே போய்விட்டது என்று கணக்கிடுவார். அந்தக் கணக்கு கட்டட விதிகள் வரை போகும். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

உண்மை என் பதிவுக்குள்ளேயே இருந்தது. நொடிக்கு 10 முறை பதிவு செய்திருந்தோம். கொந்தளிப்பு விகிதம், அதாவது வேகத்தின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் வருவது, திறந்த புல்வெளியில் 10 மீட்டர் உயரத்தில் 0.17 அளவில் இருக்கும். காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியதும் அது 0.3ஐ நெருங்கியிருந்தது. புயல் தளரவில்லை, மரங்கள் மறைத்தன. வேகத்தைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் இந்த விகிதத்தைத் திசைவாரியாகப் போட்டுப் பாருங்கள். தடையின் உயரத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு தள்ளி நில்லுங்கள். அந்த 15 மீட்டர் மரங்களுக்கு 150 மீட்டர் வேண்டியிருந்தது. காற்று இப்போது எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு, புயலின் பாதையை வைத்து, உச்ச நேரத்தில் எங்கிருந்து வரும் என்று கேட்டு இடம் தேடுங்கள்.

சராசரி நேரத்தைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்வது

அமெரிக்கத் தேசிய ஹரிகேன் மையத்தின் ‘நீடித்த வேகம்’ 1 நிமிடச் சராசரி. விமான நிலையத் தானியங்கி நிலையங்கள் தருவது 2 நிமிடச் சராசரி. உலக வானிலை அமைப்பின் வழக்கம் 10 நிமிடம். திடீர் வீச்சு என்பது 3 நொடிச் சராசரி. மேலும், மையம் அறிவிப்பது புயல் முழுவதிலும் உள்ள மிக அதிகமான வேகம். அது வீசும் சிறு பகுதி பெரும்பாலும் கடலுக்கு மேலே இருக்கும். உங்கள் கோபுரத்தில் அந்த எண் வரவில்லை என்பதற்காக மையம் மிகைப்படுத்திவிட்டது என்று சொல்லாதீர்கள். வருடந்தோறும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்.

உயரம்

வண்டிக் கூரையில் 3 மீட்டரில் எடுத்த எண்ணை 10 மீட்டர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

கடிகாரம்

பதிவுகளில் உள்ளூர் நேரம் வேண்டாம், உலகப் பொது நேரம் (UTC) மட்டும்.

கடைசிப் பதிவை உச்சம் என்று எடுத்துக்கொள்வது

2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் என்ற ஹரிகேன் புளோரிடாவில் கரையைக் கடந்தபோது, டிண்டல் விமானப்படைத் தளத்தின் காற்றுமானி மணிக்கு 139 மைல் வீச்சைப் பதிவுசெய்துவிட்டுச் செயலிழந்தது. பிற்பாடு எல்லாத் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, கரை கடந்த நேரத்து நீடித்த வேகம் மணிக்கு 160 மைல், ஹரிகேன்களில் மிக வலுவானதான ஐந்தாம் வகை என்று 2019இல் திருத்தினார்கள். அந்த 139ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே என்ன வீசியது என்பதே தெரியாமல் போயிருக்கும். உங்கள் வரைபடத்தில் கோடு அறுந்த இடத்தில் ‘உச்சம்’ என்று எழுதாதீர்கள். ‘கருவி நின்ற நேரம்’ என்று எழுதுங்கள்.