எனாமல் உதிரும் கடைவாய்ப்பல்: சீரமைப்பதும் மீண்டும் மெல்லப் பழக்குவதும்

ஆறு வயதையொட்டி, பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் பின்கோடியில் பெரிய பல் ஒன்று முளைக்கும். விழுந்து முளைக்கும் பல் அன்று அது. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். சில குழந்தைகளுக்கு அது வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளுடன் வெளிவந்து, மெல்லத் தொடங்கிய சில மாதங்களிலேயே அதன் கடினமான மேலுறையாகிய எனாமல் சுவர்க்காரை போலப் பெயர்ந்துவிடுகிறது. பிறந்தது முதல் ஏறக்குறைய மூன்று வயது வரை எனாமல் உருவாகும் காலத்தில் தாதுக்கள் சரிவரப் படியாததே இதற்குக் காரணம் என்பதால், மிட்டாய் தின்றாய் என்று குழந்தையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. முன்பற்களிலும் இதே திட்டுகள் தோன்றக்கூடும் என்பதால், 2001ஆம் ஆண்டு இக்குறைபாட்டுக்கு ‘மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்’ (கடைவாய்ப்பல், முன்பல் தாதுக்குறைவு) என்று பெயரிட்டனர்.

தர்மபுரி போன்ற புளோரைடு மிகுந்த நீருள்ள மாவட்டங்களில் இதைப் புளோரைடு மிகுதியால் வரும் பற்கறை நோயோடு குழப்பிக்கொள்வதுண்டு. புளோரைடு கறை பல பற்களில், இரு பக்கமும் ஒத்து, விளிம்பு தெளியாமல் பரவியிருக்கும். இதிலோ திட்டின் எல்லை கோடு கிழித்தாற்போல் தெரியும், நான்கு கடைவாய்ப்பற்களில் ஒன்றிரண்டு மட்டும் மோசமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் செல்லுமுன், குழந்தைக்குச் சொல்லாமல் மூன்று நான்கு வேளை அது சாப்பிடுவதைக் கவனியுங்கள். முறுக்கை எந்தப் பக்கம் கடிக்கிறது, சப்பாத்தியைக் கன்னத்தில் அடக்கிவைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறதா, குளிர்ந்த நீரைக் குடிக்கும்போது தலையைச் சாய்க்கிறதா, பிரஷ் அந்த மூலைக்குப் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தைவிட இக்குறிப்பு பல நேரங்களில் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

பல் உடையாமல் கூச்சம் மட்டும் இருந்தால், பல்மேல் தடவும் புளோரைடு வார்னிஷும் பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சும் போதலாம். பல் பாதி முளைத்த நிலையில் எச்சில் படாமல் காப்பது கடினமாதலால், சற்று ஈரத்தையும் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளைத் தற்காலிகமாக வைப்பார்கள். சிறு உடைவைக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் கொண்டு அடைக்கலாம். ஆனால் குறையுள்ள எனாமலில் துளைகளும் புரதமும் மிகுதியாக இருப்பதால் பசை சரியாகப் பிடிப்பதில்லை. எனவே அடைப்பின் விளிம்பு நல்ல எனாமலில் முடிய வேண்டும், எச்சிலைத் தடுக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி ஈரமின்றிச் செய்ய வேண்டும். பல்லின் முகடுகளே சரிந்திருந்தால், திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டிருப்பதைவிட பல் முழுவதையும் மூடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் மேலானது என்பது என் கருத்து. வெள்ளி நிறம் பிடிக்கவில்லை என்பார்கள். வாயைப் பிளந்து காட்டினாலன்றி அது வெளியே தெரியப்போவதில்லை.

கேப் போடுவதற்குச் சில நாள் முன்னதாகப் பற்களின் இடையில் சிறு ரப்பர் வளையங்களைச் செருகி இடம் உண்டாக்குவார்கள். இப்பற்களின் நரம்பு ஏற்கெனவே எரிச்சலுற்றிருப்பதால் மரத்துப்போகும் ஊசி சில சமயம் முழுமையாகப் பிடிக்காது. வலித்தால் கையைத் தூக்கு என்று குழந்தையிடம் முன்னரே சொல்லிவையுங்கள். காப்பாற்ற முடியாத அளவு சிதைந்த பல்லாயின், எட்டு முதல் பத்து வயதுக்குள் எக்ஸ்ரே பார்த்து, பல் சீரமைப்பு வல்லுநரையும் கலந்து, அதை எடுத்துவிட்டு அடுத்த கடைவாய்ப்பல்லை அவ்விடத்துக்கு நகரவிடும் வழியும் உண்டு.

மெல்லும் திறன் என்பது பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் பரப்பையும், கடிக்கும் விசையையும் பொறுத்தது. உடைந்த பல் பரப்பைக் குறைக்கிறது, வலி விசையைக் குறைக்கிறது. சிகிச்சை இரண்டையும் மீட்டாலும், ஓராண்டாக ஒருபக்கமே மென்ற பழக்கம் தானாகப் போய்விடாது. முதல் சில நாள் இட்லி, தயிர்சாதம் போதும். பிறகு வேகவைத்த கேரட், சப்பாத்தி, கொய்யாத் துண்டு என்று படிப்படியாக அந்தப் பக்கம் வைத்து மெல்லச் சொல்லுங்கள். முன்னேற்றத்தை அறிய, ஆய்வாளர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு: இரு நிறச் சூயிங்கம்மை ஒரே பக்கத்தில் இருபது முறை மெல்லவைத்துத் தட்டையாக்கிப் பார்த்தால், நிறங்கள் கோடு கோடாக நிற்கின்றனவா, நன்கு கலந்துவிட்டனவா என்று தெரியும். சிகிச்சைக்கு முன்பும், ஒரு மாதம் கழித்தும் இரு பக்கத்துக்கும் செய்து ஒப்பிடுங்கள்.

கேப் போட்ட பல்லின் ஈறு விளிம்பையும் காலையும் இரவும் துலக்க வேண்டும். என்றேனும் அது கழன்றுவிட்டால் எறிந்துவிடாமல், சிறு டப்பாவில் போட்டுக்கொண்டு மறுநாளுக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். நெளியாமல் இருந்தால் அதையே மறுபடி ஒட்டித் தரவும் கூடும்.