நேரம் நிரம்பிய பிறகு: வேலூரில் வளரும் கவுன்சிலிங் மையத்தை நடத்துவது எப்படி

தனியாக ஆலோசனை மையம் தொடங்கும் உளவியலாளருக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் இருக்கும் கவலை ஒன்றுதான்: ஆள் வருவார்களா? வாரம் முழுவதும் நேரம் நிரம்பி, மதியச் சாப்பாட்டுக்கு நடுவே அழைப்புகள் வந்து, ‘மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும்’ என்று சொல்ல வேண்டி வரும்போது வேறு வகையான கவலை தொடங்குகிறது. அதற்கு யாரும் நம்மைத் தயார்ப்படுத்தியிருப்பதில்லை. சென்னையில் இந்தக் கட்டத்தைக் கடக்கும் முறையை அப்படியே எடுத்து வந்து வேலூரில் வைத்தால் பொருந்தாது. சத்துவாச்சாரியில் இருப்பவரின் மைத்துனர் காட்பாடியில் இருப்பார், அவருடைய மகள் நம் மையத்தின் எதிர்க்கடையில் வேலை செய்வார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மையம் வளரும்போது முதலில் ஆட்டம் காண்பது இரகசியம். ஆகவே புதிய அறை, புதிய ஆள், புதிய கிளை என்று எந்த முடிவை எடுத்தாலும், வருபவரின் இரகசியத்துக்கு அது என்ன செய்யும் என்ற கேள்வியை முதலில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஐம்பது நிமிட அமர்வு, குறிப்பெழுதப் பத்து நிமிடம் என்று வைத்து, நாளொன்றுக்கு ஐந்து பேர் வீதம் வாரத்தில் ஐந்து நாள் பார்த்தால் 25 அமர்வுகள் ஆகின்றன. ஒருவர் வாரம் ஒரு முறையாகப் பத்து அமர்வுகள் வருகிறார் என்று கொண்டால், சராசரியாக வாரத்துக்கு இரண்டரை இடம்தான் காலியாகும். வாரத்துக்கு ஐந்து பேர் புதிதாக அழைத்தால், மூன்று மாதத்தில் முப்பது பேர் பட்டியலில் காத்திருப்பார்கள். இதற்குப் பெரும்பாலானோர் முதலில் செய்யும் பரிகாரம், மாலையில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை இருவர் என்று நேரத்தைக் கூட்டுவது. வாரத்தில் ஐந்து அமர்வுகளைக் கூட்டினாலும் புதிதாகக் கிடைப்பது வாரத்துக்கு அரை இடம் மட்டுமே. ஐந்து மணி நேர ஓய்வை விட்டுக்கொடுத்ததற்கு அது மிகச் சிறிய பலன். உங்கள் மையத்தின் உண்மையான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு, கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் தானாகவே போய்விடும்.

அழைப்புகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வருவதில்லை. பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் மே மாதமும், நீட் தேர்வை ஒட்டிய வாரங்களும், கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வுக் காலமும் தனி நெரிசல் கொண்டவை. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர் ரமலான் மாதத்தில் மாலை நேரத்தைத் தவிர்த்து முற்பகலைக் கேட்பார்கள். மே மாத நெரிசலைப் பார்த்து ஜூனில் ஆள் சேர்த்தவர், ஆகஸ்டில் சம்பளம் கொடுக்கக் கையைப் பிசைய நேரிடலாம். குறைந்தது ஓர் ஆண்டு அழைப்புகளை மாதவாரியாக எண்ணி வைத்துக்கொண்ட பிறகே நிரந்தரச் செலவில் இறங்க வேண்டும்.

காத்திருப்போர் பட்டியல்

பட்டியலுக்கு ஓர் எல்லை வையுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் பெயரை எழுதிக்கொள்ளாமல், வேறு யாரிடம் செல்லலாம் என்று சொல்லி அனுப்புவதே நேர்மை. ‘பார்க்கலாம்மா, இடம் வந்தா கூப்பிடறோம்’ என்ற பதில் மரியாதையாகத் தோன்றினாலும், அதைக் கேட்டவர் அந்த நம்பிக்கையிலேயே இரண்டு மாதம் வேறெங்கும் போகாமல் இருந்துவிடுவார்.

அதைவிட முக்கியமானது, பட்டியலில் வைக்கவே கூடாதவர்களை முதல் அழைப்பிலேயே அடையாளம் காண்பது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொல்பவர், பல நாட்களாகத் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று வீட்டார் விவரிக்கும் நபர், குடியை திடீரென நிறுத்தியதால் நடுக்கமும் குழப்பமும் கண்டவர் ஆகியோருக்குத் தேவை உடனடி மருத்துவம். பாகாயத்தில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநலப் பிரிவு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 108 ஆம்புலன்ஸ், இரவு பகலாகத் தமிழிலும் பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 ஆகியவற்றைத் தொலைபேசிக்கு அருகில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். அழைப்பை எடுப்பவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களும் சில சமயம் கேட்டு வருவார்கள். அவர்களுக்குப் பத்து வாரத் திட்டம் பொருந்தாது. இரண்டு மூன்று அமர்வுகளில் முடியும் வேலையை மட்டும் ஒப்புக்கொண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வரவேற்பறை

ஒரே அறை, ஒரே ஆலோசகர் என்று இருந்தவரை ஒருவர் போன பின்தான் அடுத்தவர் வந்தார். இரண்டாவது அறை திறந்த வாரத்திலேயே இரண்டு குடும்பங்கள் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பாகாயம் மனநல மையம் 1950களிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. அந்த வழக்கத்துக்குத் தனி மையமும் விலக்கல்ல: ஒருவருக்கு ஆலோசனை என்றால் கணவர், தாயார், சில நேரம் தம்பி என்று மூன்று பேர் உடன் வருவார்கள். காத்திருக்கும் நேரத்தில் ‘நீங்க கொசப்பேட்டையா? எங்க சித்தப்பா வீடு அங்கதான்’ என்று பேச்சு தொடங்கிவிட்டால், அடுத்த வாரம் ஒரு குடும்பம் வராது. ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு அறைகளின் அமர்வுகளையும் அரை மணி நேரம் தள்ளித் தள்ளித் தொடங்குங்கள். ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்தி, நேரத்தைச் சொல்லி அழையுங்கள். மேசைமேல் விரித்து வைத்திருக்கும் அப்பாயின்ட்மென்ட் நோட்டு மிகப் பெரிய ஓட்டை, ஏனென்றால் பணம் கட்ட நிற்பவர் அதைத் தலைகீழாகவே படித்துவிடுவார். அறையைத் தடுக்கப் பிளைவுட் போதும் என்று தச்சர் சொல்வார். தடுப்பு கூரை வரை போகாவிட்டால் உள்ளே அழுவது வெளியே கேட்கும். வாடகைக் கட்டடம் பார்க்கும்போது, ஒருவரை உள்ளே நிறுத்திச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். வாடகையைப் பற்றி அதன் பிறகு பேசினால் போதும்.

வரவேற்பில் அமர்பவருக்கு முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. மிகவும் சிக்கலானது குடும்பத்தாரின் அழைப்பு. ஒரு மாமியார் அழைத்து, ‘எங்க மருமக இன்னிக்கு அங்க வந்தாளா? எத்தனை மணிக்குக் கிளம்பினா?’ என்று கேட்பார். குரலில் அக்கறையும் இருக்கும், அதிகாரமும் இருக்கும். வரவேற்பில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் அந்தக் குரலுக்கு முன் பொய்யும் சொல்ல முடியாமல், மறுக்கவும் முடியாமல் தடுமாறுவார். ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியத்தையே கொடுத்துவிடுங்கள்: ‘இங்க யார் வர்றாங்க, யார் வரலைன்னு யார்கிட்டயும் சொல்றதில்லைங்கம்மா, உங்களப் பத்தி யாராவது கேட்டாலும் சொல்ல மாட்டோம்.’ இரண்டாவது பாதிதான் அழைத்தவரின் கோபத்தைத் தணிக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரின் சிகிச்சை விவரங்களைக் காக்கும் கடமையைத் தொழில்முறையாளர் மீது சுமத்துகிறது. அந்தக் கடமை வரவேற்பு மேசையில் கசிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மையத்தை நடத்துபவரின் பொறுப்பு. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. குறிப்பாக, பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லையைச் சிறார்களிடமும் பெற்றோரிடமும் முதல் அமர்விலேயே விளக்கிவிட வேண்டும்.

மையத்துக்குத் தனிக் கைபேசி எண் வாங்கி, அந்தக் கைபேசி இரவில் மையத்தை விட்டு வெளியே போகாதபடி வையுங்கள். வரவேற்பாளரின் சொந்த எண்ணில் வாட்ஸாப் செய்தி அனுப்பப் பழகிவிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் மையத்துக்கு வந்தவர் அனைவரின் எண்ணும் அவருடனே போகும்.

இரண்டாவது ஆலோசகர்

ஆள் சேர்க்கும்போது பட்டத்தைச் சரிபார்ப்பது முதல் வேலை. மருத்துவ உளவியலாளர் என்ற பெயரில் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவை. உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவர் திறமையான ஆலோசகராக இருக்கலாம், ஆனால் பெயர்ப்பலகையிலும் சீட்டிலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அடுத்துப் பார்க்க வேண்டியது மொழி. உங்களைப் போலவே தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த இன்னொருவரைவிட, உருது பேசுபவரோ, சித்தூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்காகத் தெலுங்கு பேசுபவரோ இந்த ஊரில் அதிகம் பயன்படுவார். உறவினரை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு மனக்குறையைச் சொல்லச் சொல்வது சரிவராது என்பதை அனுபவமுள்ள எல்லோரும் அறிவார்கள்.

பிறகு வரும் தலைவலி, ‘எங்களுக்குப் பெரிய மேடம்தான் வேணும்’ என்பது. முதல் அமர்வை நிறுவனரே எடுத்து, பிறகு இளையவரிடம் ஒப்படைக்கும் முறையைப் பல மையங்கள் கைக்கொள்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மணி நேரம் மனத்தைத் திறந்து பேசிய பிறகு வேறொருவரிடம் அனுப்பப்படுவதை, தன் பிரச்சினை சிறியது என்று ஒதுக்கிவிட்டதாகவே வருபவர் எடுத்துக்கொள்வார். தொலைபேசியிலேயே, ‘உங்களை இன்னார் பார்ப்பார், இன்ன பிரச்சினையில் அவருக்குப் பயிற்சி உண்டு’ என்று பெயரோடு சொல்லி நேரம் கொடுத்தால், அந்தக் குறை எழ வாய்ப்பே குறைவு. இளையவருக்கு வாரம் ஒரு மணி நேரம் வழிகாட்டல் அமர்வு கொடுத்து, அதையும் உங்கள் 25 அமர்வுகளுக்குள் எண்ணுங்கள். வெளியே எண்ணினால் இரண்டாவது மாதத்தில் அது நின்றுபோகும்.

கட்டணத்தில் பங்கு கொடுப்பதா, மாதச் சம்பளம் கொடுப்பதா என்பதில் பங்கு முறை பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் ஆள் குறையும் மாதத்தில் இளையவர் முடிய வேண்டிய ஆலோசனையை நீட்ட ஆசைப்படுவார். குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி செய்து, அதற்கு மேல் பங்கு வைப்பது நடுவழி. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயை நெருங்கும்போது ஜி.எஸ்.டி. பதிவு பற்றிய கேள்வி எழும். எந்த வருமானம் சுகாதாரச் சேவைக்கான விலக்கில் வரும், கல்லூரிகளில் எடுக்கும் பயிற்சி வகுப்பு எதில் சேரும், ஆலோசகருக்குக் கொடுக்கும் தொகையில் வரிப் பிடித்தம் உண்டா என்பவற்றை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணமும் ஒப்பந்தங்களும்

கட்டணத்தை உயர்த்தினால் பட்டியல் குறையும் என்பது உண்மைதான். யார் குறைவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர் முதலில் நிற்பார். 25 இடங்களில் மூன்றையோ நான்கையோ குறைந்த கட்டணத்துக்கு என்று ஒதுக்கி, மற்றவற்றுக்கு உயர்த்துங்கள். எவ்வளவு குறைப்பது என்று ஆளுக்கு ஆள் பேரம் பேசும் நிலைக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே வருபவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். வராமல் போன அமர்வுக்குப் பணம் கேட்பது இங்கே பலருக்குச் சங்கடம், ‘அடுத்த வாரம் சேத்துக் குடுத்துடறேன் சார்’ என்பார்கள், அதுவும் வராது. புதியவர்களிடம் நேரம் உறுதி செய்யும்போதே ஜிபேயில் முன்பணம் பெற்றுவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளோ கல்லூரிகளோ மொத்தமாக ஒப்பந்தம் பேச வந்தால் மகிழ்ச்சிக்கு முன் ஒரு நிபந்தனை: எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே நிர்வாகத்துக்குப் போகும், பெயர் போகாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சம்மதிக்காத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். முந்நூறு மாணவர்களுக்கு உரை நிகழ்த்த அழைத்தாலும், அதைக் கேட்டு நேரம் கேட்பவர்களுக்கு அடுத்த வாரம் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தேதி கொடுங்கள்.

வாணியம்பாடியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வருபவர்களுக்கு ஆன்லைன் அமர்வு பயணத்தைக் குறைக்கும். கூட்டுக் குடும்பத்தில் தனியறை கிடைக்காதவர் மொட்டை மாடியிலிருந்தோ நிறுத்திய காருக்குள்ளிருந்தோ பேசுவார். யாராவது மேலே ஏறி வந்தால் பேச்சை மாற்ற ஒரு குறிப்புச் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் திடீரென்று படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இப்போது வருபவர்களின் பெயர், எண், யாருக்கு உடனடிக் கவனிப்புத் தேவை என்ற விவரம் ஆகியவற்றை ஒட்டிய உறையில் வைத்து, பூட்டிய பீரோவில் சேர்த்து, அதைத் திறக்கும் உரிமையை இரகசியம் காக்கும் கடமை கொண்ட இன்னொரு உளவியலாளருக்கு மட்டும் கொடுங்கள். சாவி வீட்டாரிடம் இருக்கலாம், உறையைப் பிரிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பித்து, பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.