முருங்கையிலையிலிருந்து ஒட்சியேற்ற எதிரிகளைப் பிரித்தெடுக்கும் முறை

திருகோணமலையில் மூலிகைக்குப் பஞ்சமில்லை. ஈரமான வயல் வரம்புகளில் வல்லாரையும், வறண்ட பற்றைகளில் ஆவாரையும், ஏறக்குறைய எல்லா வீட்டு வளவுகளிலும் முருங்கையும் நிற்கின்றன. இவற்றுள் பழகுவதற்கு ஏற்றது முருங்கையிலை. அதிலுள்ள குவர்செற்றின், கெம்ப்பெரோல் ஆகியவற்றின் சேர்வைகளும் குளோரோஜெனிக் அமிலமும் ஒட்சியேற்ற எதிரிகளாக, அதாவது பிற பொருள்கள் ஒட்சியேற்றமடைவதைத் தடுப்பவையாகத் தொழிற்படும் பொலிபீனோல்கள். அவற்றைக் கரைப்பானில் இறக்குவது கடினமன்று. ஆனால் கரைப்பான் இலையைத் தொடுவதற்கு முன்னரே கவனக்குறைவால் அவற்றில் பெரும்பங்கை இழந்துவிடலாம் என்பதால், பறிப்பதிலும் உலர்த்துவதிலும்தான் கூடிய கவனம் வேண்டும்.

பனி காய்ந்த பின் காலையில், பழுப்போ பூச்சியரிப்போ இல்லாத கரும்பச்சை இலைகளைப் பறிக்க வேண்டும். பிரதான வீதியோரத்து மரங்களையும், மருந்தடிக்கும் வெங்காயத் தோட்டத்து வேலியில் நிற்கும் மரங்களையும் தவிர்த்துவிடுங்கள். பிரித்தெடுக்கும்போது நல்ல சேர்வைகளுடன் பூச்சிநாசினியும் சேர்ந்தே செறிவடையும். பறித்த இலையைக் கசக்காமல் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உடனே நீர் வடிய விட வேண்டும். நசுங்கிய இடத்தில் இலையிலுள்ள நொதியங்கள் பொலிபீனோல்களை ஒட்சியேற்றிவிடுகின்றன. சில நிமிடங்களில் அந்த இடம் கறுத்துப் போவது அதனால்தான்.

உலர்த்துவது நிழலில்தான். நேர்வெயில் இலையின் நிறத்தை வெளுக்கச் செய்வதோடு, ஒளியில் சிதையும் சேர்வைகளையும் கெடுக்கும். கச்சான் காற்று வீசும் நடு ஆண்டு மாதங்களில் காற்றோட்டமான விறாந்தையில் மெல்லிய துணி விரித்து ஒரே படையாகப் பரப்பினால் இலை விரைவில் மொறுமொறுப்பாகிவிடும். கடற்கரையை அண்டிய உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் மாலைக் காற்றின் ஈரத்தை உலர்ந்த இலை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மாரிமழைக் காலத்தில் நிழலுலர்த்தலை நம்ப வேண்டாம். இலை பூஞ்சணம் பிடித்துவிடும். அப்போது 40 முதல் 45 பாகை செல்சியஸில் இயங்கும் உலர்த்தியே தகுந்தது. விரல்களுக்கிடையில் தேய்த்தால் தூளாக உதிரும் பதமே சரியான பதம். அதன் பின்னரே அரைத்து, சலித்து, காற்றுப் புகாத போத்தலில் இட வேண்டும்.

இனிக் கரைப்பான். தனி நீரில் சில சேர்வைகள் முழுமையாகக் கரைவதில்லை. தனி எதனோலிலும் சில தங்கிவிடும். இரண்டும் கலந்த 70 சதவீத எதனோலே பொலிபீனோல்களுக்குப் பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. 95 சதவீத எதனோல் 74 மில்லிலீற்றரை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 100 மில்லிலீற்றராக்கினால் அது கிடைக்கும். கிணற்றுநீர் வேண்டாம், காரத்தன்மையுள்ள நீரில் பொலிபீனோல்கள் விரைந்து ஒட்சியேற்றமடையும். மெதனோல் ஆய்வுகூடங்களில் வழக்கமாகப் பயன்படுவதாயினும் நஞ்சு. மருந்துக்கடை ஸ்பிரிட்டிலும் நச்சுப் பொருள் கலந்திருக்கலாம் என்பதால், உட்கொள்ளும் எதற்கும் இவ்விரண்டையும் தொடவே கூடாது.

10 கிராம் தூளுக்கு 100 மில்லிலீற்றர் கரைப்பான் என்ற அளவில் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, இடையிடையே குலுக்கி, ஒரு நாள் இருட்டில் வையுங்கள். பின்னர் மெல்லிய துணியிலும் அதன்பின் வடிதாளிலும் வடித்து, எஞ்சிய சக்கைக்குப் புதிய கரைப்பான் ஊற்றி இன்னும் இருமுறை இதையே செய்து, மூன்று வடிநீர்களையும் ஒன்றாக்க வேண்டும். கரைப்பானை ஆவியாக்குவது பாடசாலை அல்லது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குறைந்த அமுக்கத்தில் நடைபெறுவதே நல்லது. எதனோல் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்போ மெழுகுவர்த்தியோ அருகில் இருக்கக் கூடாது. வெப்பநிலை 50 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. இரும்பு பீனோல் சேர்வைகளுடன் சேர்ந்து கரைசலைக் கறுப்பாக்கும்.

வீட்டில் குடிப்பதற்கு எதனோல் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி தூளில் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் ஊற வைத்து வடித்து, சற்றுத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து அன்றே குடித்துவிடலாம். நீரிழிவுக்கோ உயர் குருதி அமுக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இதை வழக்கமாக்க வேண்டாம். சோதனைக்குழாயில் தெரியும் ஆற்றல் அப்படியே உடலிலும் தொழிற்படும் என்று கொள்ள முடியாது.

பிரித்தெடுத்ததில் பீனோல் சேர்வைகள் உண்டா என்று பார்க்க, சில துளி பெரிக் குளோரைட்டுக் கரைசல் போதும். கருநீலமோ கரும்பச்சையோ தோன்றினால் உண்டு. ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலை அளக்க டி.பி.பி.எச். என்ற இரசாயனப் பொருளின் கரைசலைக் கொண்டு செய்யும் சோதனை பயன்படுகிறது. அக்கரைசலின் ஆழ்ந்த ஊதா நிறம், ஆற்றலுள்ள சாறு சேரும்போது மஞ்சளை நோக்கி வெளிறும். அந்த மாற்றம் 517 நனோமீற்றர் அலைநீளத்தில் அளக்கப்படும். மாணவர்கள் ஒரே மரத்து இலையை ஒரு பங்கு நிழலிலும் ஒரு பங்கு வெயிலிலும் உலர்த்தி, ஒரே அளவில் பிரித்தெடுத்து, இரண்டையும் அருகருகே சோதித்துப் பார்க்கலாம். மிகுதிச் சாற்றைத் தாவரத்தின் பெயரும் பறித்த இடமும் திகதியும் எழுதிய கபிலநிறப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வையுங்கள்.