மனு எழுதும் முன்: மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு எது என்று அறியும் முறை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை என்று புது தில்லிக்கு மனு எழுதினால், அது சுற்றி வந்து மாநில அரசின் மேசைக்குத்தான் சேரும். நோயாளிகளுக்கோ அதற்குள் காலம் வீணாகிவிடும். ஆகவே, மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்துக்கு எழுத நினைப்பவர்கள், தங்கள் சிக்கலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதற்கான விடை, மத்திய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பிரித்துக் காட்டும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், காலிப் பணியிடம், மருந்துத் தட்டுப்பாடு, வார்டின் தூய்மை ஆகியவற்றை மாநில அதிகாரிகளிடமே கேட்க வேண்டும். மருந்தின் தரம், உணவுக் கலப்படம், மருத்துவத் தொழில், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுத்தல் ஆகியவை இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளன. புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களும், புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் மத்திய அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஆனால் தெருமுனை மருந்துக்கடையின் உரிமம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைச் சார்ந்தது.

பலரும் குழம்புவது, இரு அரசுகளும் சேர்ந்து செய்யும் பணிகளில்தான். குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் மருந்தை வாங்கி அனுப்புவது மத்திய அரசு; அதைக் குளிர் குறையாமல் மாவட்டம் வரை கொண்டுசேர்த்து, கிராம சுகாதாரச் செவிலியரின் கையால் போடச் செய்வது மாநில அரசு. எனவே மாநிலம் முழுவதும் ஒரு தடுப்பூசி வரவில்லை என்றால் மத்திய அமைச்சகத்தைக் கேட்கலாம். உங்கள் ஊரில் மட்டும் வரவில்லை என்றால், முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் விசாரிப்பதே சரி. தேசிய சுகாதார இயக்கத்தின் செலவைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் மத்திய அரசுடன் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. மத்தியப் பங்கான 60 எப்போது விடுவிக்கப்பட்டது என்பது தில்லியில் கேட்க வேண்டிய கேள்வி.

உடல்நலம் சார்ந்த எல்லாமே இந்த அமைச்சகத்தின் பொறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். தொழிலாளர்களுக்கான காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்தது. சித்த மருத்துவம் 2014 முதல் ஆயுஷ் அமைச்சகத்தில் உள்ளது. மருந்து விலையைக் கண்காணிக்கும் ஆணையம் இரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

குறை தீர வேண்டுமானால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் பதியுங்கள். ஆவணம் வேண்டுமானால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) விண்ணப்பம் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் மாநில அரசு அலுவலகங்களுக்கான விண்ணப்பத்தைப் பதிந்தால் அது திருப்பப்படும். கட்டிய பணமும் திரும்பாது.

கேள்வியின் வடிவமே பதிலைத் தீர்மானிக்கும் என்பது என் உறுதியான கருத்து. “எங்கள் மாநிலத்துக்கு ஏன் நிதி தரவில்லை?” என்று கேட்டால், விளக்கம் தருவது தன் கடமையல்ல என்று அமைச்சகத்தால் மறுத்துவிட முடியும். “2023-24 நிதியாண்டில் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, அந்த ஆணைகளின் நகல்கள் ஆகியவற்றை வழங்குக” என்று கேட்டால், கோப்பில் உள்ளதைத் தந்தே ஆக வேண்டும்.

தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்தில். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அமைச்சகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் பயன் இல்லையெனில், 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு முதல் விண்ணப்பத்தின் நகலும் பதிவு எண்ணும் தேவைப்படும் என்பதால், அவற்றைத் தொடக்கத்திலேயே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.